கம்பி வலைச் சம்பந்தம்

எங்கள் மணலி புதுநகரில் குரங்குகள் கிடையாது. எங்கள் தெருப் பையன்களை அறிந்தவர்கள் இதை ஆட்சேபிக்கக்கூடும். நான் வால் உள்ளவற்றைச் சொல்கிறேன். அவை வந்து தங்க இங்கே என்ன இருக்கிறது? ஒரு பக்கம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு. நடுவே பொன்னேரிச் சாலையில் இரவு பகல் என்றில்லாமல் கண்டெய்னர் லாரிகள். ஆகவே 2024-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, அப்படி ஒரு லாரியின் தலையிலிருந்து ஒரு நாட்டுக் குரங்கு குதித்து, தெருமுனை டீக்கடைக் கூரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது, தெருவே வேலைக்குப் போக மறந்து நின்றது.

அது பாதி வளர்ந்த ஆண் குரங்கு. உச்சந்தலையில் வகிடெடுத்துச் சீவியதுபோல் மயிர். இடுப்பில் அறுந்த கயிறு ஒரு சாண் தொங்கியது. யாரோ வளர்த்தது என்பதற்கு அதுவே சாட்சி. முதல் இரண்டு நாள் அதற்கு ராஜோபசாரம். மூன்றாம் நாள் இட்லிப் பாத்திரத்தோடு ஓடியது. நான்காம் நாள் ஒரு குழந்தையின் கையில் கீறிவிட்டது. அன்று மாலையே தெருவில் கூட்டம் கூடியது.

கதை எழுதுகிறவன் என்பதால் இம்மாதிரிக் கூட்டங்களில் என்னைப் பேசச் சொல்வார்கள். நானும் பேசினேன். வனத்துறைக்குச் சொல்லிவிடலாம், மனிதர் நடுவில் அதற்கு என்ன வாழ்வு, அதன் இனத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தருமம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். திண்ணையில் இருந்த ஒருவர் மட்டும் சிரித்தார்.

"இனத்தோட சேக்கறதா? நல்லாச் சொன்னீங்க சார். அதுக்கு எமனே அதோட இனந்தான்."

சொன்னவர் 'உயிர் காலேஜ்' தாத்தா. வெளியூர் வாசகர்களுக்கு இந்தப் பட்டத்தை விளக்க வேண்டும். பழைய சென்னைவாசிகளுக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. தாத்தா பதினெட்டு வயதில் அந்த உயிர் காலேஜில் கூண்டு கழுவச் சேர்ந்தவர். 1985-ல் அது வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டபோது மிருகங்களோடு மிருகமாகத் தானும் லாரியில் போனதாகச் சொல்வார். ஓய்வு பெற்றபின் மணலி ஆலையில் வேலை பார்க்கும் மகனோடு இங்கே வந்து இருக்கிறார்.

அவர் சிரித்தது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் சபையில் பேசிய அதே வாக்கியத்தை இருபத்து மூன்று வருஷங்களுக்கு முன்பு வேறோர் ஊரில், எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழந்தை என் மகள்.

அப்போது நாங்கள் காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குரங்காட்டி வருவான். அவன் குரங்குக்குப் பெயர் ராமன். 'மாமியார் வீட்டுக்கு எப்படிடா போவே?' என்றால் ஒரு குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு மிடுக்காக நடக்கும். 1998-ல் மத்திய அரசு குரங்கு, கரடி, புலி முதலியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதைத் தடை செய்தது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. தடை நியாயமானதுதான், அந்த நடைக்குப் பின்னால் எத்தனை பிரம்படி இருந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் குரங்காட்டிகளின் கையில் இருந்த குரங்குகள் என்ன ஆவது என்பதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் ஒரு விடியற்காலையில் ராமனை எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, "சாமி, பாத்துக்கிடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பிறகு வரவே இல்லை.

என் மகள் இரண்டு வாரம் அதனோடு முறுக்குப் பங்கு போட்டுக்கொண்டாள். நான் விசாரித்து, பக்கத்து ஊரில் ஒரு தோட்டத்தில் பெரிய கூண்டு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு குரங்குகள் இருப்பதை அறிந்தேன். "ராமன் தன் சொந்தக்காரர்களோடு சேரப்போகிறான்" என்று குழந்தைக்குச் சொன்னேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். வரவேற்பு விருந்தாக ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் உள்ளே எறிந்து, கதவைத் திறந்து ராமனைத் தள்ளிவிட்டார். உள்ளே இருந்தவை சத்தமே போடவில்லை, உட்கார்ந்தபடி பார்த்தன. ராமன் பல்லைக் காட்டியது. 'பாருங்கள், சிரிக்கிறான்' என்றுகூட நான் சொன்னேன். திருப்தியோடு பஸ் ஏறினோம்.

மூன்றாம் நாள் ஆள் வந்தது. குழந்தை அழுது பிடிவாதம் பிடித்ததால் அவளையும் அழைத்துப் போனேன். சாக்கின்மேல் கிடந்ததை அவள் பார்க்காதபடி முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். "உன்னை நினைத்து ஏங்கிப் போய்ச் செத்துவிட்டது அம்மா" என்றேன்.

அதோடு விட்டேனா? அந்த ஏக்கத்தை ஒரு கதையாக எழுதி ஒரு தீபாவளி மலரில் வெளியிட்டேன். படித்துவிட்டு அழுததாகப் பல வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

தாத்தா சிரித்த அன்று இரவு சாப்பாட்டுக்குப்பின் அவர் திண்ணைக்குப் போனேன். என் பழைய கதையைச் சொல்லவில்லை. "ஏன் அப்படிச் சொன்னீர்கள் ஐயா?" என்று மட்டும் கேட்டேன்.

"காட்டுல பொட்டைக் குரங்கு பொறந்த வீட்டை விட்டுப் போவாது சார். ஆத்தாளுக்கு இன்னா மரியாதையோ அதே மரியாதை பொண்ணுக்கு. ஆம்பளைதான் வயசுக்கு வந்தா கெளம்பி வேற கூட்டத்துக்குப் போவும்."

நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ்! அங்கே மருமகள் கிடையாது; எல்லாம் வீட்டோடு மாப்பிள்ளைகள். நான் இதைச் சொன்னதும் தாத்தா ரசித்தார்.

"மாப்பிள்ளைதான். ஆனா நேரா நடுக்கூடத்துக்குப் போய்க் குந்த மாட்டான். ஓரமாவே சுத்துவான். மரத்துக்கு மரம், நாள் கணக்கா. தொரத்துனா ஓடுவான், மறுநாள் மறுபடி வருவான். ஒருநாள் எவளாவது ஒருத்தி முதுகைக் காட்டிக் குந்துவா. பேன் பாப்பான். அப்புறந்தான் உள்ளே. காட்டுல ஓரம்னு ஒண்ணு இருக்கு சார். கூண்டுல ஓரம் ஏது?"

நான் பேசாமல் இருந்தேன். ராமனைத் தள்ளிய கூண்டு நாற்சதுரம். அதில் நான்கு மூலைகள் இருந்தன, ஓரம் இல்லை.

கூண்டில் இல்லாத அந்த ஓரத்தை மனிதன்தான் உண்டாக்கித் தரவேண்டும் என்பது தாத்தாவின் சாஸ்திரம். முதலில் புது ஆளைத் தனியே வைக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம். மனிதரோடு இருந்த குரங்கென்றால் காசநோய்ச் சோதனை அவசியம். நம்மிடமிருந்து அது தொற்றிக்கொண்டு கூட்டத்தையே அழித்துவிடும். அடுத்தது பக்கத்துக் கூண்டு. நடுவே கம்பி வலை, அதுவும் சந்து விட்டு இரட்டை வலை. பார்க்கலாம், மோக்கலாம், திட்டிக்கொள்ளலாம். கடிக்க மட்டும் முடியாது. "விரலைக் காப்பாத்தணும் சார். மொதல்ல போறது விரலுதான்" என்றார். கடிபட்டுக் காய்ந்துபோன விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வலைக்கு இரண்டு பக்கமும் நடக்கிற சம்பாஷணையைப் படிக்கத் தெரிய வேண்டும். உதட்டைச் சப்புக்கொட்டினால் சமாதானம். வாயைத் திறந்து முறைத்தால் மிரட்டல். சத்தமில்லாமல் பல் வரிசையைக் காட்டினால், 'நான் அடங்கினேன், விட்டுவிடு' என்று அர்த்தம்.

"சிரிப்பு இல்லையா?" என்றேன்.

"சிரிப்பா? பயம் சார் அது."

யார் பெரியவர் என்பது வலையின் வழியாகவே தீர்ந்துவிட்டால் நல்லது. தீர்ந்தபின் அடிதடிக்குக் காரணம் குறைந்துவிடுகிறது. அதற்கும் பிறகு மொத்தக் கூட்டத்தில் விடுவதில்லை. கூட்டத்திலிருந்து ஒரே ஒரு சாது ஜீவனை, அரைவளர்ச்சிக் குட்டியோ நிதானமான பெண்ணோ, பிரித்தெடுத்து, இரண்டையும் இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது கூண்டில் விட வேண்டும். சொந்த வீட்டில்தானே எல்லோருக்கும் வீரம் வருகிறது! அந்த ஒரு சிநேகிதம் கெட்டிப்பட்டபின் இன்னொன்று, பிறகு மற்றொன்று. கூண்டில் ஒரு வழி மறித்தால் மறு வழி இருக்க வேண்டும். கண்ணில் படாமல் ஒதுங்கச் சாக்குத் திரை தொங்க வேண்டும். தீனியை ஒரே இடத்தில் குவிக்கவே கூடாது. பத்து இடத்தில் இறைக்க வேண்டும்.

"ஒரே எடத்துல ஒரு சீப்புப் பழத்தைப் போட்டா?" என்று கேட்டேன்.

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எவனாவது அப்பிடிப் போடுவானா சார்?" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மைதானா, அல்லது ஓய்வு பெற்றவர்களின் வழக்கப்படிக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை. உள்ளூர அவர் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட ஆசை. மறுநாள் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். அது 'செத்த காலேஜ்' வளாகத்தில் இருக்கிறது. 1855-ல் எட்வர்டு பால்ஃபர் சென்னையின் மிருகக்காட்சிசாலையைத் தொடங்கியதும் அதே வளாகத்தில்தான். அங்கே படித்ததும், பிறகு அங்கும் இங்கும் கேட்டுத் தேடிப் படித்ததும் தாத்தாவின் கட்சியையே பலப்படுத்தின.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1925-ல் 'குரங்கு மலை' என்று ஒன்று கட்டி, நூறு பபூன் குரங்குகளைப்போல் கொண்டுவந்து விட்டார்கள். பபூன் என்றால் நம் ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் அல்ல. பிடரி மயிரும் கோரைப் பல்லும் உள்ள முரட்டு ஜாதி. ஏறக்குறைய எல்லாம் ஆண்கள். 1927-ல் யாரோ இரக்கப்பட்டு, முப்பது பெண் குரங்குகளை உள்ளே விட்டார்கள். ஒன்றை ஒன்று அறியாத ஆண்கள் அந்தப் பெண்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்த இழுப்பில் சில வருஷங்களுக்குள் பெரும்பாலான பெண்கள் செத்தே போயின. சோலி சக்கர்மன் என்ற விஞ்ஞானி இதை வைத்து 1932-ல் புத்தகம் எழுதினார். குரங்கின் சுபாவமே இப்படித்தான் என்று வெகு காலம் உலகம் நம்பியது. பிறகு 1960-களில் ஹான்ஸ் கும்மர் என்பவர் எத்தியோப்பியாவுக்கே போய் அதே ஜாதிக் குரங்குகளைக் காட்டில் பார்த்தார். அறிமுகமான ஆண்கள் ஒருவன் துணையை மற்றவன் தொடுவதில்லையாம்; மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்களாம்! குற்றம் சுபாவத்தில் இல்லை. முன்பின் அறியாதவர்களை ஒரே வேலிக்குள் போட்ட மனிதர்கள்மேல்தான்.

நம் தேசத்துக் குரங்குகளுக்கும் அந்த அனுபவம் உண்டு. 1938-ல் கார்ப்பெண்டர் என்ற அமெரிக்கர் இந்தியாவிலிருந்து நானூறுக்குமேற்பட்ட செம்முகக் குரங்குகளைக் கப்பலேற்றிப் போர்ட்டோ ரீக்கோவுக்கு அருகே ஒரு குட்டித் தீவில் விட்டார். எல்லாமே அந்நியர்கள். ஆரம்பத்தில் ஓயாத சண்டை. குட்டிகள் பல மாண்டன. ஆனால் தீவு பெரிது. ஓட இடம் இருந்தது. மெல்ல மெல்லத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து அமைந்தன. அவற்றின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் யெர்க்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பெர்ன்ஸ்டைன் என்பவர் பல வருஷம் பரீட்சித்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: கூண்டுக் குரங்குகளுக்குள் இட நெருக்கடியைக் காட்டிலும் கடுமையான சண்டையை மூட்டுவது புதிய முகம்.

'புதிய முகம்' என்பதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருக் குழாயடி நினைவு வந்தது. நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் தண்ணீர் லாரி வந்தால் என் மனைவி குடத்தை வரிசையின் கடைசியில்தான் வைப்பாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது இன்னும் கடைசிக்குப் போயிருக்கும். நாற்பது நாள் இப்படி நடந்தது. பிறகு ஒருநாள் முன்வரிசை அம்மாள் ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி, "இங்க வை" என்றாளாம். அன்று என் மனைவி முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் எந்த நாவலின் வெளியீட்டு விழாவிலும் நான் பார்த்ததில்லை.

குரங்குக்கு வருவோம். அதே நாட்களில் பத்திரிகைகளில் ஒரு வழக்கு அடிபட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கரில் 2023 டிசம்பரில் நாய்கள் கடித்துக் குதறிய குட்டிக் குரங்கு ஒன்றைக் கோவை கால்நடை மருத்துவர் ஒருவர் காப்பாற்றிப் பத்து மாதம் வைத்துப் பேணினார். 2024 அக்டோபரில் வனத்துறை அதை வண்டலூருக்குக் கொண்டுபோயிற்று. அவர் அதைத் தம்மிடமே தரவேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். போய்ப் பார்த்துவர நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் வனவிலங்கை அவரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டது. எங்கள் தெருவில் இதுபற்றி இரண்டு கட்சி. பெண்கள் எல்லோரும் டாக்டர் கட்சி. நான் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் கட்சி. தாத்தா எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

"அந்தாளு பக்கமும் நாயம் இருக்குது, சட்டத்துப் பக்கமும் நாயம் இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வலை போட்டு ரெண்டு மாசம் வெய்யுங்கன்னு யாராவது சொல்லணும்" என்றார்.

எங்கள் குரங்கை வனத்துறையார் வந்து பிடிப்பதற்கு முதல்நாள், தாத்தா என் வீட்டுக்கு வந்தார். "நீங்க எழுதறவருதானே சார்? நான் சொல்றேன், எழுதுங்க. அது போற எடத்துக்குக் குடுத்து அனுப்புவோம்" என்றார். வலைச் சந்து எத்தனை விரற்கடை இருக்க வேண்டும் என்பதிலிருந்து, முதல் சிறு சண்டையைப் பார்த்துப் பதறிப் பிரித்துவிடக்கூடாது, பலபேர் சேர்ந்து ஒன்றை மூலையில் மடக்கினால் மட்டும் உடனே இழுப்புக் கதவைத் திறக்க வேண்டும் என்பதுவரை நான்கு பக்கம் சொன்னார். என் வாழ்நாளில் ஒரு வார்த்தைகூட மெருகேற்றாமல் நான் எழுதிய நான்கு பக்கங்கள் அவைதாம். அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்த இளம் பெண் டாக்டர் காகிதத்தை முழுவதும் படித்துவிட்டு, "எல்லாமே நாங்கள் செய்கிறதுதான் ஐயா. ஆனாலும் இதை ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்" என்றாராம். தாத்தாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

மாசி மாதத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். கூண்டுக்கு நூறு அடி முன்னாலேயே தாத்தா ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டார். "மனுசன் மொகத்தைப் பாத்தா வலைக்கு ஓடியாரும். அப்புறம் அதுங்க கூட்டத்துல அதுக்கு மரியாதை போய்டும். நீங்களும் நிக்காதீங்க" என்று என்னையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஒளிந்து நின்று பார்த்தோம். ஏழெட்டுக் குரங்குகள். எங்கள் ஆள் எல்லோருக்கும் கடைசியில், சாக்குத் திரைக்கு அருகில் உட்கார்ந்திருந்தது. ஒரு காதின் நுனி கிழிந்து ஆறியிருந்தது. பெரியது ஒன்று அந்தப் பக்கம் வந்தபோது பல்லைக் காட்டிவிட்டு ஒதுங்கியது. பெரியது கண்டுகொள்ளாமல் போய்விட்டது. சற்றுநேரம் கழித்து ஒரு கிழட்டுப் பெண் குரங்கு மெதுவாக இறங்கி வந்து, அதற்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. எங்கள் ஆள் அப்புறம் இப்புறம் பார்த்துவிட்டுப் பேன் பார்க்க ஆரம்பித்தது.

"போலாம் சார்" என்றார் தாத்தா.

கோடை விடுமுறைக்கு என் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் இந்தக் குரங்கின் கதையைக் கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தவன், ராமனைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அது ஏங்கிச் சாகவில்லை, நான்தான் அதைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்ப்பா. நீங்க மறைச்சுண்டு நின்னேளே, உங்க கால் இடுக்கு வழியா அது கையைப் பார்த்தேன். விரலே இல்லை."

"பின்னே ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?"

"கேட்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ளே உங்க கதை மலர்ல வந்துடுத்து. எல்லாரும் நன்னாருக்குன்னு சொன்னா" என்று சொல்லிவிட்டு, கொட்டையைப் பேரனிடம் கொடுத்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.